கூஸி பிரபுக்கள் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வடக்கு பிரான்ஸ்ல லான், சுவாஸோன் பக்கத்துல ஒரு குன்று மேல இருக்கு கூஸி கோட்டை. அத வச்சிருந்த பிரபுக்கள் பத்தி என்ன வேணா கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு, இந்த வம்சத்துல ஆங்கெரான்னு ஏழு பேரு இருக்காங்க. நம்பர் போட்டு கேளுங்க, இல்லனா யாரோட பாவத்தையோ யார் தலையிலயோ கட்டிருவோம்.

அக்கா, இவங்க ராஜாவா டியூக்கா?

ரெண்டும் இல்ல. வெறும் "சீர்", அதாவது பிரபு. "ராஜா இல்ல, இளவரசன் இல்ல, டியூக்கும் இல்ல, கவுன்ட்டும் இல்ல, நான் கூஸிப் பிரபு"ன்னு அவங்க பேருல ஒரு வரியே வழங்குது. பட்டம் சின்னதுன்னா ஆள் சின்னவன்னு நினைக்காதீங்க. கோட்டை, காடு, மீன் குளம், சொந்த மண்ணுல தூக்குல போடுற அதிகாரம், இதெல்லாம் கைல இருந்தா எந்தப் பட்டமும் தேவையில்ல.

இவங்கள்ல ரொம்ப கொடூரமானவர் யாருங்க?

தோமா த மார்ல், முதலாம் ஆங்கெரானோட பையன். முதல் சிலுவைப் போருக்குப் போய்ட்டு வந்தவரு. அப்பாவுக்கும் பையனுக்கும் ஆகவே ஆகாது, அப்பா நாமூர் கவுன்ட்டோட பொண்டாட்டிய கூட்டிட்டு வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அந்தம்மாவுக்கு இவரக் கண்டா பிடிக்காது, சொத்து கை மாறிருமோன்னு ரெண்டு பக்கமும் ஊர் ஊரா எரிச்சு குடியானவங்கள வெட்டித் தள்ளுனாங்க. பிடிபட்டவங்கள கட்டைவிரல்லயும், சொல்லவே கூச்சமான இடத்துலயும் கட்டித் தொங்கவிட்டு பணம் கேப்பாருன்னு கிபேர்னு ஒரு மடத்துத் தலைவர் எழுதிருக்காரு.

1112ல லான் ஊர் மக்களுக்குக் கொடுத்திருந்த நகராட்சி உரிமைய பிஷப் கோத்ரி ரத்து பண்ண வச்சதும் கலவரம் வெடிச்சிருச்சு. பிஷப் நிலவறைல ஒரு பீப்பாய்க்குள்ள போய் ஒளிஞ்சாரு. கண்டுபிடிச்சு இழுத்துப் போட்டு கோடாரியால கொன்னுட்டாங்க, மோதிரத்துக்காக விரலையும் வெட்டுனாங்க. அந்தக் கொலைகாரங்களுக்கு அடைக்கலம் கொடுத்தது நம்மாளு தோமா. அதனால 1114ல சர்ச் இவர விலக்கி வச்சிச்சு, 1115ல ஆறாம் லூயி ராஜாவே படையோட வந்து ரெண்டு கோட்டைய பிடிச்சாரு. 1130ல மறுபடியும் ராஜா படை வந்தப்போ பட்ட காயத்துல செத்தாரு.

ஆனா ஒரு விஷயம் மனசுல வைங்க. கிபேரோட மடம் கூஸி குன்றுக்கு அடிவாரத்துலயே இருந்துச்சு. தோமாவ திட்டி எழுதுன இன்னொருத்தர் சூஜே, ராஜாவுக்கு வேண்டப்பட்ட மடாதிபதி. தோமா பக்கத்து நியாயத்த எழுத ஆள் இல்ல. கெட்டவர் இல்லன்னு சொல்லல, யார் எழுதுனதுன்னு பாத்து படிங்கன்னுதான் சொல்றேன்.

காதலனோட இதயத்த சமைச்சு பொண்டாட்டிக்கே கொடுத்த கதை கூஸி பிரபு கதைதானே?

இல்ல. அது கூஸி "ஷாத்லான்" பத்தின கதை. பிரபுவுக்குக் கீழ கோட்டைய பாத்துக்கிற அதிகாரி, பாட்டு எழுதுவாரு. பிரபு வேற, ஷாத்லான் வேற. கதையும் நடந்தது இல்ல.

கோட்டை எவ்ளோ பெருசு?

மூணாம் ஆங்கெரான் கட்டுனது, 1220கள்ல ஆரம்பிச்சாரு. நடு கோபுரம் மட்டும் 54 மீட்டர் உயரம், 31 மீட்டர் குறுக்களவு, சுவர் 7 மீட்டர் தடிமன். பாரிஸ்ல ராஜாவோட லூவ்ர் கோபுரமே இதுல பாதி அகலம்தான். 1214 புவீன் சண்டைல ராஜாவுக்காக நின்ன மனுஷன், ஆனா கட்டடத்துல ராஜாவ மிஞ்சிட்டாரு. இவர் பொண்ணு மாரி 1239ல ஸ்காட்லாந்து ராஜாவ கட்டிக்கிச்சு.

மூணு பசங்கள தூக்குல போட்ட கேஸ் பத்தி சொல்லுங்க.

இது நாலாம் ஆங்கெரான். நாலு. ஃபிளாண்டர்ஸ்ல இருந்து மூணு பிரபு வீட்டு இளைஞர்கள் பிரெஞ்சு கத்துக்க பக்கத்து மடத்துல தங்கியிருந்தாங்க. வில் அம்போட மிருகத்த துரத்திட்டு தெரியாம இவர் காட்டுக்குள்ள வந்துட்டாங்க. காவலாளிங்க பிடிச்சாங்க, இவர் விசாரணையே இல்லாம தூக்குல போட்டுட்டாரு. ஒன்பதாம் லூயி, நம்ம "புனித லூயி", ஆள அனுப்பி கைது பண்ணி லூவ்ர்ல அடைச்சாரு.

அப்புறம் ஃபைன் கட்டிட்டு வெளிய வந்துட்டாரு, இதுல என்ன புனிதம்?

வெறும் ஃபைன்னு சொல்லாதீங்க. 10,000 லீவ்ருக்கு (அன்னைய பிரெஞ்சு பணம்) குறையாத தொகை, அந்த மூணு பேர் ஆத்மாவுக்குப் பூஜை நடக்க சிற்றாலயம், தூக்குல போட்ட காடு மடத்துக்கு, அதுக்கு மேல காடு குளம் விஷயத்துல தண்டிக்கிற அதிகாரமே போச்சு.

மூணு உசுருக்கு பணமா? ஏழை இதயே பண்ணியிருந்தா உடனே தூக்குதானே? நீங்க ராஜாவுக்கு வக்காலத்து வாங்குறீங்க.

(இன்னொருத்தர்) இன்னைக்கு கண்ணாடிய போட்டுக்கிட்டு அந்த கேஸ் நடந்த 1259ஐ பாக்காதீங்க பாஸ்.

கொலை எந்த வருஷத்துலயும் கொலைதான் பாஸ்.

ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஏழையா இருந்தா தொங்கியிருப்பான், அது சரி, அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. லூயியே முதல்ல மரண தண்டனை கொடுக்கத்தான் நினைச்சாரு. ஆனா அன்னைக்கு சபைல நடந்தத பாருங்க. ஆங்கெரான் "என்ன விசாரிக்க உனக்கு உரிமை இல்ல, வேணும்னா ஒத்தைக்கு ஒத்தை சண்டை போட்டு என் நியாயத்த நிரூபிக்கிறேன்"னாரு. பெரிய பிரபுக்கள் மொத்தமா எந்திரிச்சு அவர் பக்கம் போய் நின்னுட்டாங்க, எல்லாம் சொந்தக்காரங்க. ராஜா கிட்டத்தட்ட தனியா உக்காந்திருக்காரு. அப்படியும் சண்டைக்கு சம்மதிக்கல. ஏழைகள், சர்ச், ஆதரவில்லாதவங்க கேஸ்ல சண்டை போட்டு நியாயம் பாக்க முடியாது, அவங்களுக்காக யாரு வாள் எடுப்பான்னு கேட்டாரு. எனக்கு அந்த கேஸ்ல பெருசா படுறது இதுதான், தண்டனை இல்ல. இன்னொண்ணு, ஆங்கெரானோட அண்ணன் ரெண்டாம் ராவுல் 1250ல எகிப்துல மன்சூராங்கிற ஊர்ல இதே லூயியோட சிலுவைப் போர்ல செத்தவரு. அந்தக் குடும்பத்து மேல கை வைக்கிறது ராஜாவுக்கும் சுலபமா இருந்திருக்காது.

அதுக்காக மூணு அம்மாங்களுக்கு நியாயம் கிடைச்சிருச்சுன்னு சொல்வீங்களா?

சொல்லல. நான் அப்படி எங்கயும் சொல்லலியே. அடுத்த கேள்வி.

இவங்க ராஜா வம்சமா?

முதல் பதில்.

ஜோன் ஆஃப் ஆர்க் இங்க வந்தாங்களா?

அது என் ஏரியா இல்ல. வேற ஆள கேளுங்க.

ஏழாம் ஆங்கெரான் இங்கிலாந்து மருமகன்னு கேள்விப்பட்டேன், உண்மையா அக்கா?

நம்பர் போட்டதுக்கே நன்றி தம்பி. உண்மைதான். 1360 ஒப்பந்தப்படி பிரெஞ்சு ராஜாவுக்குப் பிணையா லண்டன் போனவரு, 1365ல மூணாம் எட்வர்ட் பொண்ணு இசபெல்லாவ கட்டிக்கிட்டாரு. அடுத்த வருஷம் பெட்ஃபோர்ட் பட்டமும் வந்துச்சு. 1369ல மறுபடியும் போர் வந்தப்போ மாமனாரா, சொந்த ராஜாவான்னு மாட்டிக்கிட்டு இத்தாலிப் பக்கம் நழுவிட்டாரு. மாமனார் 1377ல செத்ததும் இங்கிலாந்து பட்டம், நிலம் எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டு பிரான்ஸ் பக்கம் நின்னாரு. பிரெஞ்சு படைத்தலைவர் கெஸ்க்ளான் செத்த பிறகு அந்தப் பதவிய இவருக்கு நீட்டுனாங்க, வேணாம்னுட்டாரு. 1396ல நிக்கோபோலிஸ் சண்டைல துருக்கி சுல்தான் பயஸீத் கைல சிக்குனாரு. மறுநாள் நிறைய கைதிங்கள வெட்டுனாங்க, இவர பணயத் தொகைக்காக விட்டு வச்சாங்க. பணம் வர்றதுக்குள்ள 1397 பிப்ரவரில துருக்கில பூர்ஸாங்கிற ஊர்ல செத்துட்டாரு. ஆண் வாரிசு இல்ல, மூத்த பொண்ணு மாரி 1400ல கூஸிய பிரெஞ்சு ராஜாவோட தம்பி லூயி த ஓர்லியான்ஸுக்கு வித்துருச்சு.

அப்போ ஒண்ணுல இருந்து ஏழு வரை அப்பா பிள்ளை வரிசையா?

இல்லவே இல்ல. நாலாமவர் 1311ல பிள்ளையில்லாம செத்தாரு. சகோதரி பையன் வந்து அஞ்சாம் ஆங்கெரான் ஆனாரு. ஆண் வழில பாத்தா அது கீன் குடும்பம்.

இப்ப போனா அந்தப் பெரிய கோபுரத்துல ஏறலாமா?

கோபுரமே இல்ல. 1652ல பிரெஞ்சு முதன்மை அமைச்சர் மசாரின் ஆணைப்படி கோட்டைய பாழாக்குனாங்க, 1692 நிலநடுக்கத்துல கோபுரம் வெடிப்பு விட்டுச்சு, அதெல்லாம் தாங்கி நின்னத 1917 மார்ச்ல பின்வாங்கிப் போன ஜெர்மன் படை 28 டன் வெடிமருந்து வச்சு தகர்த்துருச்சு. அவங்க தளபதியா இருந்த பவேரியா இளவரசர் ரூப்ரெக்ட்டே வேணாம்னாரு, மேல இருந்த ஜெனரல் லூடன்டார்ஃப் கேக்கல. மத்த சுவர், வாசல், கல் குவியல் பாக்கலாம், போங்க.

சூப்பர் அக்கா. அப்போ அந்த மூணு பசங்கள தூக்குல போட்ட ஆங்கெரான்தான் கடைசில துருக்கில செத்தாரு, கர்மா!

அது நாலு. இது ஏழு. ரெண்டு பேர் சாவுக்கும் நடுவுல 86 வருஷம். நான் தூங்கப் போறேன்.