பனையின் உச்சியில் பதநீர் சுரப்பது எப்படி?

சாயல்குடிப் பக்கம் மண் காய்ந்து கிடக்கும் சித்திரையிலும் பனை உச்சியில் பதநீர் சொட்டுகிறதே, வேர் உறிஞ்சும் நீர்தான் நேராக அங்கே வந்து சேர்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராக வருவதில்லை. வேர் எடுக்கும் நீர், சைலம் எனப்படும் நீர் கடத்தும் திசுவின் குழாய்கள் வழியே ஏறுகிறது. ஓலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசையும், நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மையும் 20 மீட்டர் உயரத்துக்கும் அதை அறுபடாமல் கொண்டுபோய்விடுகின்றன. இழுவையில் இருக்கும் அந்தக் குழாயை வெட்டினால் பெரும்பாலும் காற்றுதான் உள்ளே போகுமேயன்றி நீர் பீறிடாது.

பதநீர், சர்க்கரையைக் கடத்தும் திசுவான புளோயத்தின் சாறு. ஓலைகள் தயாரித்த சர்க்கரை புளோயத்தில் ஏற்றப்படுகையில், பக்கத்துச் சைலத்திலிருந்து சவ்வூடு பரவலால், அதாவது சர்க்கரை மிகுந்த பக்கத்துக்கு மெல்லிய சவ்வு வழியே நீர் ஊடுருவும் இயல்பால், நீர் உட்புகுந்து அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே, சர்க்கரை செலவாகும் இடமான பாளையை நோக்கிச் சாற்றைத் தள்ளுகிறது. 1930இல் எர்ன்ஸ்ட் முன்ச் என்ற ஜெர்மானியர் விரிவாக முன்வைத்த இவ்விளக்கமே இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது.

புளோயத்தில் இந்தச் சாறு ஓடும் சல்லடைக் குழாய்கள் வெட்டுப்பட்டால் மரம் அவற்றைத் தானே அடைத்துக்கொள்ளும். பனையேறிகள் பாளையை இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தியபின், காலையும் மாலையும் அதன் நுனியை மெல்லிய சீவலாக அரிந்துவிடுவது அந்த அடைப்பை நீக்கத்தான். கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்புக்கும் சுரப்புக்கும் தொடர்பில்லை. அது சாறு புளித்துக் கள்ளாகாமல் தடுப்பதற்கு மட்டுமே.