காப்பகக் கொடுமைகளுக்கு நினைவிடம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டப்ளினில் பழைய கட்டடங்களை ஆவணப்படுத்தும் வேலை எனக்கு. அனாதை இல்லம், தொழிற்பள்ளி, விடுதிப் பள்ளி என்ற பெயர்களில் இயங்கிய இடங்களில் சிறு வயதில் வதைபட்டவர்கள் பலர் இன்று தாத்தா பாட்டி வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பொது நினைவிடம் எழுப்புவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள்.

தொடங்கும் முன் ஒன்று. கல்வெட்டில் முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘இங்கு நடந்த துயரங்களின் நினைவாக’ என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், துயரம் தானாக நடந்ததா என்று கேளுங்கள். இதை இன்னும் நாலு தடவையாவது சொல்வேன்.

கே: அயர்லாந்தில் இவ்வளவு விசாரணை, இவ்வளவு அறிக்கை. அப்புறம் ஏன் அக்கா டப்ளின் நடுவில் ஒரு நினைவுச்சின்னம்கூட எழவில்லை?

எழுப்பத்தான் பார்த்தார்கள். 1999 மே மாதம் பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2009 மே மாதம், இந்தக் காப்பகக் கொடுமைகளை விசாரித்த ரையன் ஆணையத்தின் அறிக்கை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆணையத்தின் முன் பேசியிருந்தார்கள். 200க்கும் அதிகமான இடங்கள் அவர்கள் வாக்குமூலங்களில் இருந்தன. அறிக்கையின் பரிந்துரைகளில் முதலாவதே நினைவுச்சின்னம்தான். பிரதமரின் மன்னிப்பு வாசகத்தை அதில் பொறிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

போட்டி வைத்து, 2012இல் ‘ஒளியின் பயணம்’ என்ற வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 5 லட்சம் யூரோ செலவு. இடம், பார்னெல் சதுக்கத்தில் உள்ள நினைவுப் பூங்கா. சிக்கல் அங்கேதான் வந்தது. அந்தப் பூங்கா 1966இல், அயர்லாந்து விடுதலைக்காக உயிர்விட்டவர்களுக்கென்று திறக்கப்பட்டது. புதிய கட்டுமானம் பூங்காவின் தன்மையைக் கெடுக்கும் என்று மேல்முறையீட்டில் திட்டமிடல் வாரியம் 2013 நவம்பரில் அனுமதி மறுத்தது. அத்தோடு அந்த இடத்தில் எல்லாம் நின்றுபோனது.

அந்தப் பூங்காவில் இருக்கும் சிலை எது தெரியுமா? லிர் மன்னனின் பிள்ளைகள். சிற்றன்னையின் சாபத்தால் அன்னங்களாக மாறி 900 ஆண்டு நீரில் அலைந்த குழந்தைகள். அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நிஜக் குழந்தைகளின் கதைக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. வாரியம் சொன்னது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். தவறு அதற்கு முந்தைய கட்டத்தில் நடந்தது என்பது என் கருத்து. நாட்டின் பெருமையைச் சொல்லும் இடத்தில் நாட்டின் அவமானத்தையும் ஒட்டவைக்கப் பார்த்தால் இரண்டுக்கும் தொண்டர்கள் கிளம்பிவிடுவார்கள். சொந்தமாக ஓர் இடம் தேடியிருக்க வேண்டும்.

அந்த மன்னிப்பு வாசகத்தையும் கவனியுங்கள். ‘தலையிடத் தவறினோம், அவர்கள் வலியைக் கண்டறியத் தவறினோம், காப்பாற்ற வரத் தவறினோம்’ என்பது அதன் சாரம். எழுவாய் இருக்கிறது, நல்லது. ஆனால் வினை? அந்தக் குழந்தைகளில் ஏராளமானவர்களை அங்கே அனுப்பியதே நீதிமன்றங்கள்தான். தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது அரசு. சோதனைக்கு ஆள் அனுப்பியது கல்வித் துறை. பிடித்துக் கொடுத்தவர் ‘காப்பாற்ற வரத் தவறினேன்’ என்று சொல்வதைக் கல்லில் வெட்டலாமா? எனக்கு இன்றும் நெருடுகிறது.

கே: உடைந்த பொம்மை, சிறகொடிந்த பறவை, இரு கைகள் ஏந்திய குழந்தை. எந்தச் சின்னம் பொருத்தமாக இருக்கும் மேடம்?

மூன்றும் வேண்டாம்.

கே: செலவு எவ்வளவு ஆகும்?

எங்கே, எவ்வளவு பெரியது என்று சொல்லாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? ஒன்று மட்டும்: கட்டும் செலவைப் போலவே பராமரிப்பையும் எழுதி வாங்குங்கள். பத்து வருடம் கழித்துப் பாசி பிடித்துக் கிடக்கும் நினைவுச்சின்னம், பாதிக்கப்பட்டவர்களை இரண்டாம் முறை கைவிடுகிறது.

கே (மெல்பர்ன் வாசகி): பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பொறிப்பதுதானே மரியாதை? நம் நடுகல்லிலும் பெயர் உண்டே.

நடுகல் செத்தவருக்கு. இந்தக் கல் பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களுக்கு. அந்த வித்தியாசத்தை மறந்ததால் கெட்டுப்போன குழுக்களைப் பார்த்திருக்கிறேன். மனைவிக்குக்கூடச் சொல்லாமல் ஐம்பது வருடம் வாழ்ந்தவர் இருக்கிறார். அவர் பெயரைக் கேட்காமல் பொறித்தால் அதுவும் ஒரு பலவந்தம்தான்.

அயர்லாந்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2002ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில், விண்ணப்பம் பற்றிய விவரங்களை வெளியிடுவதற்குத் தடை இருக்கிறது. மீறினால் தண்டனை. நஷ்டஈடு வாங்கியதோடு தங்கள் வாயும் கட்டப்பட்டதாகப் பலர் உணர்ந்தார்கள். மறுபக்கம், ரையன் அறிக்கையில் கொடுமை செய்தவர்களுக்குப் புனைபெயர்கள் தரப்பட்டன. தொழிற்பள்ளிகள் பலவற்றை நடத்திய கிறிஸ்தவ சகோதரர்கள் சபை வழக்குப் போட்டுப் போராடியதன் விளைவு அது. அடித்தவர் பெயர் வெளியே வரவில்லை, அடிபட்டவர் தன் கதையைச் சொல்லப் பயந்தார். இந்த நிலையில் ‘பெயர் பொறிப்போம்’ என்றால் யார் பெயரை என்று கேட்டாக வேண்டும்.

இறந்த குழந்தைகள் விஷயம் வேறு. 2019 செப்டம்பர் 30 அன்று கனடாவில், பூர்வகுடிக் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளிகளில் இறந்த 2,800 பேரின் பெயர்களை 50 மீட்டர் நீளச் சிவப்புத் துணியில் எழுதி விரித்தார்கள். துணி என்பதைக் கவனியுங்கள். பட்டியல் முடியவில்லை, இன்னும் பெயர்கள் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். துணியில் இன்னும் தைத்துச் சேர்க்கலாம்.

கே: காலணிகள், ரிப்பன்கள் மாதிரி மக்களே வைப்பது நல்லதா, அரசு கட்டுவது நல்லதா?

முதலில் மக்கள் வைப்பது வரும். பெரும்பாலும் அதுதான் உண்மையானது, அதற்குத்தான் ஆயுளும் குறைவு. ஆஸ்திரேலியாவின் பாலரட் நகரில் 2015இல், சிறார் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச விசாரணை ஆணையம் அங்கே அமர்ந்தபோது, அக்கொடுமை நடந்த புனித அலிப்பியஸ் பள்ளியின் வேலியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆதரவாக வண்ண ரிப்பன்களைக் கட்டினார்கள். ‘உரத்த வேலி’ என்று பெயர் வந்தது. பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. கட்டுவார்கள், யாரோ அவிழ்ப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். 2023 தொடக்கத்தில், கொடுமைகளை அறிந்தும் தடுக்கவில்லை என்று விமர்சிக்கப்பட்ட கத்தோலிக்கத் தலைவர் கார்டினல் ஜார்ஜ் பெல்லின் இறுதிச் சடங்கையொட்டி சிட்னி பேராலய வேலியிலும் இதே இழுபறி. ரிப்பனை யார் அவிழ்க்கிறார் என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். கருங்கல்லில் அந்த வசதி கிடையாது.

கனடாவின் வான்கூவரில் 2021 மே மாதம் கலைக்கூடப் படிகளில் 215 ஜோடிக் குழந்தைக் காலணிகளை வைத்தார்கள். கம்லூப்ஸ் விடுதிப் பள்ளி வளாகத்தில் ரேடார் ஆய்வு சுமார் 215 புதைகுழிகள் இருக்கலாம் என்று காட்டியதாக வந்த அறிவிப்பின் எதிரொலி. சில வாரங்களிலேயே ஆய்வாளர் அதைச் சுமார் 200 என்று திருத்தினார். காலணி என்பதால் பரவாயில்லை. அந்த எண்ணைக் கல்லில் வெட்டியிருந்தால்? இன்னொன்று, அந்த மண்ணின் பூர்வகுடி இனங்களைக் கேட்காமலே வைத்துவிட்டார்கள் என்ற மனக்குறையும் எழுந்தது. நல்லெண்ணம் இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்கத்தான் வேண்டும்.

கே (டொராண்டோவிலிருந்து): அந்தக் கட்டடங்களை இடித்துத் தள்ளுவதுதானே உண்மையான நினைவு? உங்களைப் போன்ற மரபுக்காரர்கள்தான் செங்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறீர்கள்.

குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன். எனக்குச் செங்கல் பிடிக்கும்.

உங்கள் நாட்டிலேயே இரண்டு விதமும் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அலர்ட் பே என்ற ஊரில் புனித மைக்கேல் விடுதிப் பள்ளியை 2015 பிப்ரவரியில் இடித்தார்கள். அங்கே படித்தவர்கள் கூடி நின்று, அழுது, கட்டடத்தின் மேல் கல்லெறிந்தார்கள். ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில் மொஹாக் இன்ஸ்டிட்யூட் நேர் எதிர். தினமும் ஊற்றிய ஓட்ஸ் கூழை வைத்துப் பிள்ளைகள் அதற்கு ‘கூழ்க் குழி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 2013இல் கூரை ஒழுகிச் சேதமானதும் இடிப்பதா, வைப்பதா என்று சமூகத்தைக் கேட்டார்கள். மிகப் பெரும்பான்மை வைக்கச் சொன்னது. ‘சாட்சியத்தைக் காப்போம்’ என்றுதான் அந்த இயக்கத்துக்குப் பெயர். பின்சுவர்ச் செங்கற்களில் பிள்ளைகள் கீறி வைத்த பெயர்கள் இருக்கின்றன. எந்தச் சிற்பியாலும் அதைச் செய்ய முடியாது.

கே (மெல்பர்ன் வாசகி): இடித்தால் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்பவர்களுக்குத்தானே கொண்டாட்டம்!

கே (டொராண்டோ): அந்த வாசல் வழியாக மறுபடி நடக்கச் சொல்வதே கொடுமை. அதை அருங்காட்சியகம் என்று டிக்கெட் போடுவீர்கள்.

சரி, இரண்டு பேரும் ஒரு நிமிடம். கனடாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் நகரின் உட்லண்ட்ஸ் கதையைக் கேளுங்கள். மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்திருந்த அரசு நிறுவனம் அது. 1970களில் அதன் இடுகாட்டுக் கற்களைப் பிடுங்கி, சிலவற்றைத் தளம் போடக்கூடப் பயன்படுத்தினார்கள். பின்னால் கிடைத்த கற்களை மீட்டு 2007இல் நினைவுத் தோட்டம் அமைத்தார்கள். அப்போதும் மையக் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. அங்கே வதைபட்டவர்கள் அதை இடிக்கச் சொன்னார்கள். 2011இல் அவர்கள் கண் முன்னாலேயே இடித்தார்கள். கல்லறைக் கல் காப்பாற்றப்பட்டது, கட்டடம் போனது. எது சாட்சி, எது சுமை என்று அவர்களே பிரித்தார்கள். என் தொழில் பாசத்தை மீறி நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

கே (டொராண்டோ): அப்படியானால் இடிப்பது சரி என்கிறீர்கள்.

அங்கே சரி. பிரான்ட்ஃபோர்டில் சரியில்லை. டப்ளின் ஷான் மெக்டெர்மட் தெருவிலும் சரியில்லை. அங்கே இருந்த மக்தலேனா சலவைக்கூடம் 1996 வரை இயங்கியது, பெண்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கிய இடம். மாநகராட்சி அதை ஹோட்டலுக்கு விற்கப் பார்த்தது. 2018இல் கவுன்சிலர்கள் வாக்களித்துத் தடுத்தார்கள். 2022இல் அங்கே தேசிய ஆய்வு, நினைவு மையம் அமைக்க அரசு ஒப்புதல் தந்தது. ஹோட்டல் வந்திருந்தால் வரவேற்பறைச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு கிடைத்திருக்கும். அதில் ‘நடந்த துயரங்கள்’ என்றுதான் இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

கே: பெயர்களைப் பொறிக்கலாமா?

மேலே பார்க்கவும்.

கே: தாயும் சேயும் சிலை வைத்தால் என்ன?

அம்மாவிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் ஐயா அவர்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கே: அந்த இடங்களில் நல்ல கன்னியாஸ்திரீகளும் இருந்திருப்பார்களே. அவர்களையும் குறிப்பிட்டால் சமநிலையாக இருக்கும் அல்லவா?

இருந்தார்கள். அன்பாக நடந்தவர்களைப் பற்றி அங்கே வளர்ந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள், ரையன் அறிக்கையிலும் அது வருகிறது. அது அவர்கள் சொல்ல வேண்டிய நன்றி. கல்வெட்டுக் குழு அதைக் கடன் வாங்கிச் சமநிலை காட்டக் கூடாது.

கே (கோவை, கட்டடக்கலை மாணவர்): இந்தியாவில் இப்படி ஒன்று செய்ய என் ஆய்வேட்டில் திட்டமிடுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும் அக்கா?

தம்பி, வரைபடம் போடும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடத் தடை போடுகின்றன. பெயர் மட்டுமில்லை, பள்ளி, முகவரி, குடும்பம் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கும் இது பொருந்தும்.

கே: பெயர் இல்லாவிட்டால் கல்லில் என்னதான் எழுதுவது?

இதற்குத்தான் காத்திருந்தேன். ஒரு ஊரில் (எது என்று வேண்டாம்) இப்படி ஒரு குழுவில் உட்கார்ந்திருந்தேன். வாசகம் தயார், எல்லாருக்கும் திருப்தி. பின்வரிசையில் இருந்த பெரியவர், அந்தப் பள்ளியில் எட்டு வருடம் இருந்தவர், கையைத் தூக்கி, “இதில் என்னை அடித்தது யார் என்று இல்லையே” என்றார். ஆள் பெயரை அவர் கேட்கவில்லை. நடத்திய சபை, அனுப்பிய நீதிமன்றம், பணம் கொடுத்த துறை, இந்த மூன்றையும் எழுவாயாக வைத்து ஒரு வாக்கியம் கேட்டார். அடுத்த கூட்டத்தில் வாசகம் மாறியது. இரண்டு பேர் குழுவிலிருந்து விலகினார்கள்.

கே: திறப்பு விழாவில் யாரைப் பேச வைக்கலாம்?

அந்தப் பெரியவரை மாதிரி ஒருவரை. பேச விருப்பமில்லை என்றால் முதல் வரிசையில் நாற்காலி போடுங்கள். குளிர் நாடாக இருந்தால் விழா அரை மணிக்குள் முடியட்டும், வந்தவர்களில் பலருக்கு எண்பது வயது. பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.