பழைய கம்பெனியின் பென்ஷன் எங்கே இருக்கிறது?

பி.எஃப். பென்ஷன் பற்றி வந்த கேள்விகளில் சில. பெயர், ஊர் விவரங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வயது 56. அம்பத்தூரில் 1998 முதல் 2006 வரை ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். அது மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிறகு 2009 முதல் 2014 வரை இன்னோர் இடம். 2015 முதல் இப்போதைய கம்பெனி. யூ.ஏ.என். என்ற, எல்லா பி.எஃப். கணக்குகளையும் சேர்க்கும் ஒரே எண்ணில் கடைசி இரண்டுதான் தெரிகின்றன. முதல் எட்டு ஆண்டுகள் போனதுதானா?

போகவில்லை, ஒரு நிபந்தனையோடு. 2006இல் வேலையை விட்டபோது எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். படிவம் 19 பி.எஃப். பணத்துக்கு. படிவம் 10சி பென்ஷன் பக்கத்துக்கு. பல இடங்களில் இரண்டையும் சேர்த்து நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 10சி-யில் பணம் வாங்கியிருந்தால் அந்த ஆண்டுகள் கணக்கு முடிந்த ஆண்டுகள். 19 மட்டும் கொடுத்திருந்தால், பி.எஃப். பணம் கைக்கு வந்திருந்தாலும், பென்ஷன் சர்வீஸ் அப்படியே உயிரோடு இருக்கிறது. இது தெரியாமல் "நான்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனே" என்று ஒதுங்கிப் போகிறவர்கள் நிறைய.

யூ.ஏ.என். வந்தது 2014 அக்டோபரில். அதற்கு முந்தைய கணக்குகள் தாமாக அதில் வந்து ஒட்டிக்கொள்ளாது. எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய கணக்கு எண் டி.என்./எம்.ஏ.எஸ். என்று தொடங்கி, ஒரு சாய்கோட்டுக்குப் பின் ஓர் எண், அதற்கும் பின் இன்னோர் எண் என்று இருக்கும். முதல் எழுத்துகள் மாநிலமும் அலுவலகமும். நடு எண் கம்பெனியுடையது. கடைசி எண்தான் உங்களுடையது. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வந்த பி.எஃப். சிலிப், சம்பளச் சீட்டு ஆகியவற்றில் இது இருக்கும். பீரோவின் அடியில் கிடக்கும் பழைய ஃபைலைக் கொட்டிப் பாருங்கள். ஒன்றும் அகப்படவில்லையென்றால், அதே பட்டறையில் வேலை பார்த்த யாரிடமாவது சிலிப் இருக்கிறதா என்று கேளுங்கள். நடு எண் எல்லோருக்கும் ஒன்றுதான். அது கிடைத்தால் வேலை பாதி முடிந்தது.

அந்த எண், நீங்கள் சேர்ந்த, விலகிய தேதிகள், ஆதார், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றோடு அந்தக் கம்பெனி எந்த பி.எஃப். அலுவலகத்தின் கீழ் இருந்ததோ அங்கே எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அலைவதற்குப் பலன் உண்டா? 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 ரூபாயும், பிந்தையதற்கு 15,000 ரூபாயும் சம்பள உச்சவரம்பு. மாதப் பென்ஷன் தெரிய, சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். உங்கள் சம்பளம் வரம்பைத் தொட்டிருந்தால், அந்த எட்டு ஆண்டுகளுக்கு மட்டும் மாதம் சுமார் 743 ரூபாய், ஆயுள் முழுக்க. அதைவிட முக்கியம் இன்னொன்று: மொத்தச் சர்வீஸ் 20 ஆண்டைத் தொட்டால் இரண்டு ஆண்டுகள் போனஸாகச் சேரும். அம்பத்தூர் ஆண்டுகள் இல்லாவிட்டால் 58 வயதில் நீங்கள் இருபதைத் தொடமாட்டீர்கள்.

கேள்வி: கோவையில் இரண்டாவது கம்பெனிக்கு மாறி, பழைய பி.எஃப்.பை மாற்றிவிட்டேன். பணம் வந்துவிட்டது. ஆனால் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்யம் என்றே இருக்கிறது. என் பணத்தை விழுங்கிவிட்டார்களா?

இல்லை அம்மா. மாற்றும்போது பி.எஃப். பணம் ரூபாயாக நகரும். பென்ஷன் பக்கத்தில் நகர்வது ஆண்டுகள் மட்டுமே. உங்கள் பென்ஷன் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகையைப் பார்த்துக் கணக்கிடப்படுவது அல்ல. பூஜ்யத்தை விடுங்கள், சர்வீஸ் விவரப் பக்கத்தைத் திறந்து, பழைய கம்பெனியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உண்மையான ஆபத்து அங்கேதான். விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகு நீங்களே இணையதளத்தில் பதிவு செய்யலாம்.

கேள்வி: திருப்பூரில் 9 ஆண்டு 7 மாதம் வேலை செய்துவிட்டு விலகுகிறேன். வயது 44. பத்து ஆண்டு ஆகவில்லை, பென்ஷன் பணத்தை எடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில்.

வீட்டில் சொல்வது தவறு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு ஆண்டாகக் கணக்காகும். உங்களுடையது 10 ஆண்டு. நீங்கள் பென்ஷனுக்குத் தகுதியானவர். 10சி-யில் பணம் கேட்காமல், உங்கள் பென்ஷன் ஆண்டுகளுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிஃபிகேட் கேளுங்கள். நாளை வேறு வேலையில் சேர்ந்தால் அதைக் கொடுத்து ஆண்டுகளைத் தொடரலாம். சேராவிட்டால் 58 வயதில் அதை வைத்தே பென்ஷன் வாங்கலாம். 50 வயதிலேயே வாங்கவும் வழி உண்டு. ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு பிறகு நேராகாது. அவசரம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: ஆதாரில் அப்பா பெயரோடு முழுப்பெயர். பழைய கணக்கில் இனிஷியல் மட்டும். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றக் கேட்ட மனு நிராகரிக்கப்படுகிறது.

நம் ஊருக்கென்றே அமைந்த தலைவலி இது. ஒரு கம்பெனியில் "எஸ். மாரிமுத்து", அடுத்ததில் "மாரிமுத்து எஸ்.", ஆதாரில் "மாரிமுத்து சுப்பையா". கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். கூட்டு உறுதிமொழி என்ற திருத்த மனுவைக் கொடுத்துப் பழைய கணக்கை ஆதாரோடு ஒன்றாக்குங்கள். கம்பெனி இருந்தால் அவர்கள் ஒப்புதல் தேவைப்படும், மூடியிருந்தால் பி.எஃப். அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டியிருக்கும். பிறந்த தேதியையும் அதே மூச்சில் சரிபாருங்கள். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது இதைத் தொடங்குகிறவர்கள்தான் முதல் பென்ஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: முன்பு இருந்த பெரிய கம்பெனி பி.எஃப்.பை சொந்த டிரஸ்டில் நடத்தியது. பென்ஷனும் அங்கேயா?

பி.எஃப். பணம் மட்டுமே டிரஸ்டில். பென்ஷன் பங்கு அரசின் பி.எஃப். நிறுவனத்துக்கே போயிருக்கும். மாற்றும்போது டிரஸ்டிலிருந்து பணம் வந்தால் போதாது. சர்வீஸ் விவரம் அடங்கிய இணைப்பு 'கே'யும் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு யூ.ஏ.என். உள்ளன.

இப்போது சந்தா கட்டப்படும் எண்ணை வைத்துக்கொண்டு, மற்றதில் உள்ள கணக்கை இதற்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

கேள்வி: சென்னையில் வேலை பார்த்தேன், தென்காசிக்குக் குடிபோகிறேன். 58 ஆன பிறகும் வேலையில் தொடரப் போகிறேன். பென்ஷனுக்கு எப்போது, எங்கே விண்ணப்பிப்பது?

வேலையில் இருந்துகொண்டே 58 முடிந்ததும் படிவம் 10டி கொடுத்துப் பென்ஷன் வாங்கலாம். அதன்பின் முதலாளியின் பங்கு முழுவதும் பி.எஃப்.புக்கே போகும். 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். கையில் உள்ள ஸ்கீம் சர்டிஃபிகேட்டுகள் அனைத்தையும் அந்த ஒரே விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் பெறலாம் என்பதால், தென்காசிக் கிளையில் உள்ள கணக்கையே கொடுங்கள்.