பெட்டியில் வந்த கூலர் போதுமா?

கேள்வி: வீட்டுக்கு நானே ஒரு கணினி அசெம்பிள் செய்கிறேன். ரைசன் 5 5600 பிராசசர் வாங்கிவிட்டேன். பெட்டியிலேயே அதைக் குளிரவைக்க ஒரு சின்ன கூலரும் வந்தது. "அதெல்லாம் தாங்காது, நல்லதா ஒண்ணு போடு" என்கிறார்கள் நண்பர்கள். மாலையில் கேம், வாரத்துக்கு இரண்டு மூன்று வீடியோ எடிட்டிங், இவ்வளவுதான் என் வேலை. கையைக் கடிக்காத விலையில் எதைப் பார்க்கலாம்?

பதில்: முதலில் பெட்டியில் வந்ததையே மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தாங்காது என்பது உண்மையில்லை. உங்கள் பிராசசரின் டிடிபி, அதாவது கம்பெனி குறிப்பிடும் வெப்ப அளவு, 65 வாட். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) நீங்களாக எதையும் மாற்றாத வரை, பிராசசருக்குள் இருக்கும் எல்லா கோரும் முழு மூச்சில் வேலை செய்தாலும் 76 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்காதபடி அதைத் தயாரிக்கும் ஏஎம்டி வரம்பு வைத்திருக்கிறது. ரெய்த் ஸ்டெல்த் என்ற அந்தச் சின்ன கூலரை இந்த அளவு வெப்பத்துக்காகத்தான் கூடவே தருகிறார்கள். அப்படியும் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கருகிப்போகாது.

அப்படியானால் தனி கூலர் எதற்கு? சத்தம் குறைவதற்கு. ரெய்த் ஸ்டெல்த்தில் வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் ஹீட் பைப் கிடையாது, ஓர் அலுமினியக் கட்டியும் அதன்மேல் ஒரு ஃபேனும்தான். பரப்பு குறைவு என்பதால் ஃபேன் வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். காதுக்கு அது பெரிய வித்தியாசம். வீடியோ ரெண்டர் ஆகும் அரை மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கு இது அருமையாகத் தெரியும்.

காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள். ரைசனின் வெப்பநிலை ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே சட்டென்று ஏறி இறங்கும். ஃபேனும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதுதான் காதைத் தொந்தரவு செய்கிறது. எந்த வெப்பநிலைக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்று வைக்கும் ஃபேன் கர்வ் பயாஸில் இருக்கும். 60, 65 டிகிரி வரை ஃபேன் ஒரே மெதுவான வேகத்தில் சுற்றும்படி வைத்துவிடுங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடுகிறது.

அதற்கப்புறமும் சத்தம் உறுத்தினால், நான்கு ஹீட் பைப்பும் ஒரு 120 மிமீ ஃபேனும் உள்ள ஒற்றை டவர் கூலர் (தகடுகள் கோபுரம் போல ஒரே அடுக்காக நிமிர்ந்து நிற்பது) வாங்குங்கள். டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ போன்றவை இந்த ரகம். இரட்டை டவர், இரண்டு ஃபேன் என்று மேலே போக இந்தப் பிராசசருக்குத் தேவையே இல்லை. அந்தக் காசை எஸ்எஸ்டிக்கோ ரேமுக்கோ போட்டால் வீடியோ எடிட்டிங்கில் பலன் தெரியும்.

கூலர் பெட்டியில் "220 வாட் தாங்கும்" என்பது போல எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளின் கூலர்களை ஒப்பிடாதீர்கள். எல்லோரும் ஒரே மாதிரி அளந்து சொல்வதில்லை. பைப் எத்தனை, ஃபேன் எவ்வளவு பெரிது, தகடுகள் எவ்வளவு பரப்பு என்று பார்ப்பதுதான் நம்பகமானது.

அதைவிட முக்கியம் உயரம். ஏகே400 155 மிமீ உயரம். உங்கள் கேபினெட் எவ்வளவு உயரக் கூலரை ஏற்கும் என்பது அதன் விவரக்குறிப்பில் இருக்கும். ஒல்லியான கேபினெட்டில் 150-க்கும் குறைவாக இருக்கலாம். கூலர் வந்த பிறகு பக்கவாட்டுக் கதவு மூடாமல் நிற்பது மிகவும் வருத்தமான நிலை. மேலே பளபளப்பான தகடு பொருத்திய உயரமான ரேம் என்றால், ஃபேன் அதில் முட்டுமா என்றும் பாருங்கள்.

மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். உங்களுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் பிராசசர்களுக்கு அடியில் ஊசிக் கால்கள் உண்டு. கூலருக்கும் பிராசசருக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேராகப் பிடித்து இழுத்தால், போர்டில் அது உட்காரும் சாக்கெட்டிலிருந்து பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளைந்துபோகும். கணினியைப் பத்து நிமிடம் நன்றாக வேலை வாங்கி, பேஸ்ட் சூடானதும் ஷட்டவுன் செய்து மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஸ்குரூக்களைக் கழற்றிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, இளகிய பிறகே தூக்குங்கள். போர்டின் பின்பக்கம் இருக்கும் உலோகத் தகட்டைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள், ஸ்குரூ கழன்றதும் கீழே விழும். பழைய கூலரைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். டவர் கூலரின் ஃபேன் என்றைக்காவது நின்றால் அன்று கைகொடுக்கும்.

கேள்வி: டவர் கூலர் விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் 120 மிமீ வாட்டர் கூலர் கிடைக்கிறது. அதுதானே உசத்தி?

பதில்: இல்லை, வாங்காதீர்கள். தண்ணீர் வெப்பத்தை ரேடியேட்டர் வரைக்கும் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். அதைக் காற்றில் விடுவது ரேடியேட்டரும் ஃபேனும். 120 மிமீ ரேடியேட்டருக்கும் ஒரு நல்ல டவரின் தகடுகளுக்கும் அந்த வேலையில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் வாட்டர் கூலரில் பம்ப் என்ற ஒரு பாகம் கூடுதலாகத் தேய்கிறது, குழாய் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. டவரில் கெட்டுப்போவதென்றால் ஃபேன் ஒன்றுதான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கோர் ஐ7-14700கே போல 253 வாட் வரை இழுக்கும் பிராசசருக்குப் பெரிய ரேடியேட்டர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அது வேறு பட்ஜெட்.

கேள்வி: பழைய இன்டெல் 10-ம் தலைமுறை கணினியில் இருந்த டவர் கூலர் நன்றாகவே இருக்கிறது. புதிதாக வாங்கிய 12-ம் தலைமுறை போர்டில் மாட்டலாமா?

பதில்: அப்படியே மாட்ட முடியாது. 10-ம் தலைமுறையின் எல்ஜிஏ 1200 சாக்கெட்டைச் சுற்றியுள்ள துளைகளுக்கு இடையே 75 மிமீ இடைவெளி, 12-ம் தலைமுறையின் எல்ஜிஏ 1700-ல் 78 மிமீ. சாக்கெட்டின் உயரமும் மாறியிருக்கிறது, அதனால் எப்படியோ திணித்து மாட்டினாலும் கூலர் சரியாக அழுத்தாது. கூலர் கம்பெனியிடம் எல்ஜிஏ 1700 மவுண்டிங் கிட் (மாட்டுவதற்கான பாகங்கள்) கேளுங்கள், பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. கிட் கிடைத்துவிட்டால் புதுக் கூலர் செலவு மிச்சம்.

கேள்வி: தெர்மல் பேஸ்ட் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

பதில்: முதல் முறைக்கு வேண்டாம். கூலரின் அடியில் தடவியே வரும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் ஒரு சின்ன டியூப் இருக்கும். கழற்றி மறுபடி மாட்டும்போதுதான் பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்க வேண்டும். மாட்டும் முன் அடிப்பக்கத்தை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பாதுகாப்புக்கு ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் உரித்துவிடுங்கள்.