பீடிப் புத்தகத்தில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

நான் தென்காசி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிக்காக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் வேலை விவரத்தை எடுத்துப் பார்த்தேன் (அப்போது நாம் நெல்லை மாவட்டம்). வேலை செய்யும் பெண்கள் ஆண்களைவிடக் குறைவுதான். இவ்வளவு படித்தும் நம் பெண்கள் ஏன் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறார்கள்? ஐ.டி. பார்க் வந்தால் மாறுமா? பீடித் தொழில் அழிவது நல்லதுதானே?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஐ.டி. பார்க் வந்தால் வரட்டும், சந்தோஷம். பீடி அழிவது நல்லதா என்பதைப் புகைக்கிறவரின் நுரையீரலையும் சுற்றுகிறவரின் அடுப்பையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும். இன்னொரு நாள் பார்க்கலாம். ஆனால் ‘போக மாட்டேன் என்கிறார்கள்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் வந்து கை வைத்துவிட்டீர்கள்.

முதலில் ஒரு திட்டு. அந்த அட்டவணையில் வேலை செய்கிறவர்களை நான்காகப் பிரித்திருப்பார்கள்: சாகுபடி செய்கிறவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், பிற. வீட்டில் பீடி சுற்றுகிற பெண்கள் வர வேண்டிய அந்த மூன்றாவது பத்தியை நீங்கள் பார்த்ததாகவே தெரியவில்லை. அப்புறம், அதே 2011 கணக்கில் நம் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1023 பெண்கள். கேரளா, மும்பை, வளைகுடா என்று எத்தனை ஆண்கள் பிழைக்கப் போனார்கள் என்பதை யோசிக்காமல் ஊரில் இருக்கிற ஆணையும் பெண்ணையும் நிறுத்துப் பார்ப்பது என்ன கணக்கு?

ஊரில் இருக்கிற ஆணும் லேசுப்பட்டவர் இல்லை. குளம் பெருகினால் ஒரு போகம். மீதி நாளெல்லாம் டீக்கடை பெஞ்சு. கணக்கெடுக்க வந்தவரிடம் ‘விவசாயம்’ என்பார், எழுதிக்கொண்டு போவார்கள். ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தால்தான் முதன்மைத் தொழிலாளர் என்று விதி இருக்கிறது. அவரிடம் மாதத்தை எண்ணிக் கேட்கிறவர் யார்?

சரி, பெண்களுக்கு வருகிறேன். ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் பக்கம் மத்தியானம் ஏதாவது தெருவில் நடந்து பாருங்கள். நடையில் சுவரோடு சாய்ந்து, மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரியே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த பீடி இலை. அளவுத் தகட்டை அதன்மேல் வைத்துக் கத்தரியால் வெட்டி, புகையிலைத் தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, முனையை நகத்தால் மடக்குவார்கள். கண் டி.வி.யில் இருக்கும், விரல் நிற்காது. நடுவில் எழுந்து உலையையும் பார்த்தாக வேண்டும். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அதற்கே நாளொன்றுக்கு 299 நிமிடம் போகிறது. அந்த வேலையைத் தொடுகிற ஆண்களுக்கு 97. மிச்ச நேரத்தில்தான் பீடி.

எங்கள் வீட்டில் மூன்று பேர் சுற்றினார்கள்: ஆச்சி, அத்தை, அத்தை மகள் (எனக்கு மதினி). வாங்கின இலை, தூளையும் கொடுத்த பீடியையும் எழுதுகிற கம்பெனி பாஸ்புத்தகம் ஒன்றுதான், அது ஆச்சி பெயரில். கண்ணில் புரை விழுந்த பிறகு ஆச்சி வெறுமனே கட்டு எண்ணி அடுக்குவதோடு சரி. சுற்றியது அத்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மதினியும் உட்கார்ந்துவிடும். பீடிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். கடைக்காரர் ஒரு கை அள்ளித் தட்டில் பரப்புவார், பிடிக்காததை ‘கழிவு’ என்று ஒதுக்குவார். ஒதுக்கினதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது.

ஆச்சி செத்த பிறகு பி.எஃப். பணம் வந்தது. புத்தகத்தில் பெயர் ஆச்சி, வாரிசு என்று போட்டிருந்தது பெரியப்பாவை. அவர் வாங்கினார், ஓடு மாற்றினார். அத்தைக்கு ஒரு சேலை. அத்தை சண்டை போடவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம். ‘என் பேரு எங்க இருக்கு, கேக்கதுக்கு?’ என்றது.

இத்தனைக்கும் சட்டம் குறை வைக்கவில்லை. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே, இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதெல்லாம் புத்தகத்தில் பெயர் இருக்கிறவருக்கு. ஒரு புத்தகத்துக்குப் பின்னால் எத்தனை பேர் விரல் தேய்ந்தது என்பதைக் கம்பெனியும் கேட்காது, சர்க்காரும் கேட்காது. வீட்டு ஆண்கள் கேட்கவே மாட்டார்கள், அவர்களுக்குத்தான் தெரியுமே! மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் ‘பிள்ளைக்கு பீடி சுத்தத் தெரியும்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். கணக்கெடுக்க ஆள் வந்தால் அதே வாய், ‘வீட்லதான் இருக்கா’ என்று முடித்துவிடும்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு அட்டவணை காட்டி வேலை விவரம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் எத்தனை பேர்? அந்த அக்கறை இருப்பதால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். 2027-இல் அடுத்த கணக்கெடுப்பு. வீடு வீடாக அனுப்ப சர்க்காருக்கு வாத்தியார்களை விட்டால் யார்? உங்களையும் அனுப்பினால், வாசலில் நின்று வீட்டு ஆளிடம் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பாதீர்கள். உள்ளே சுளவு எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வருஷத்தில் எத்தனை மாதம் சுற்றுகிறாள் என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். பாஸ்புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.