பல வருடம் வைத்திருந்த கருமையான பெல்ஜிய ஏல் பீரை எப்படிச் சுவைத்து மதிப்பிடுவது?

கேள்வியின் சாரம் இது: ஐந்தாறு வருடம் இருட்டில் கிடந்த, பத்து சதவீதம் ஆல்கஹால் உள்ள கருமையான பெல்ஜிய ஏல் ஒரு பாட்டில் இருக்கிறது. அது பதமாகியிருக்கிறதா, வீணாகிவிட்டதா என்று எப்படிச் சொல்வது?

பீர் வைக்க வைக்க நன்றாக ஆகும் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலான பீர் புதிதாகக் குடிக்க வேண்டியதுதான். இந்த வகை மட்டும் தாக்குப்பிடிக்கக் காரணங்கள் உண்டு. ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம் வரை இருப்பதால் கெடுக்கும் கிருமிகளுக்கு உள்ளே பிழைப்பு கடினம். பாட்டிலிலேயே இரண்டாம் முறை நொதிக்க விடுவதால் ஈஸ்ட் உள்ளேயே இருக்கிறது. மூடும்போது மாட்டிக்கொண்ட ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது காரணம்தான் முக்கியம்: இதன் சுவை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணத்தை நம்பி நிற்கவில்லை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), கரும் காண்டி சர்க்கரைப் பாகு (பெல்ஜிய ஆலைகள் சேர்க்கும் காய்ச்சிய சர்க்கரைப் பாகு), ஈஸ்ட் உண்டாக்கும் பழவாசனை ஆகியவற்றின் மேல் நிற்கிறது. இவை ஹாப்ஸ் மணத்தைப் போலச் சட்டென்று மங்குவதில்லை. மெதுவாக வேறொன்றாக மாறுகின்றன. ரோஷ்ஃபோர் 10 (11.3 சதவீதம்), வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 (10.2), செயின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 (10), ஷிமே நீலம் (9) எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றுக்குள்ளும் 9 சதவீதக்காரருக்கு 11 சதவீதக்காரரின் ஆயுள் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே சுவைக்கும்போது "நன்றாக இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. எது போயிருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது, வந்ததில் எது பழுது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

போவது என்ன? வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிட்டேட் முதலில் இறங்கும். கிராம்பு வாசனை தரும் 4-வினைல்குவையகால் அதோடு சேர்ந்து மங்கும். ஹாப்ஸ் கசப்பும் குறையும். கசப்பு இறங்கினால் இனிப்பு தூக்கலாகத் தெரியும். பழைய பாட்டில் "இனிப்பாகிவிட்டது" என்று பலர் சொல்வது இதைத்தான். சர்க்கரை கூடவில்லை, அதை எதிர்த்து நின்ற கசப்புதான் தளர்ந்துவிட்டது. நுரையும் வலுவிழக்கும், ஏனென்றால் ஈஸ்ட் செல்களிலிருந்து கசியும் புரோட்டினேஸ் நொதி நுரையைத் தாங்கும் புரதங்களை அரித்துவிடும். இளம் பாட்டிலில் மூக்கைத் துளைக்கும் ஆல்கஹால் காட்டமும் அடங்கிவிடும். ஐந்து வருடப் பாட்டிலில் எனக்கு முதலில் பிடிப்பது இந்த அடக்கம்தான்.

வருவது என்ன? உலர்திராட்சை, அத்தி, பேரீச்சை வாசனைகள் கெட்டிப்படும். ஷெர்ரி, மடீரா ஒயின்களில் வருவது போன்ற வாசனை எழும். ஆக்சிஜன் மெதுவாக வேலை செய்ததன் அடையாளம் அது. தேன் வாசனை, பாதாம் வாசனை, லேசான தோல் வாசனை, சில சமயம் வெண்ணிலா. நிறமும் கொஞ்சம் மாறலாம், ஆனால் கருமையான பீரில் அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். நிறத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

திறப்பதற்கு முன்பு பாட்டிலைப் பாருங்கள். கழுத்தில் திரவ மட்டம் சாதாரண அளவை விடக் கீழே இருக்கிறதா? மூடியின் ஓரத்தில் துருவோ, பிசுபிசுப்பான கசிவோ இருக்கிறதா? கார்க் வழியாகக் கசிந்த கறை உண்டா? இதில் ஏதாவது இருந்தால் வாயு வெளியேறிக் காற்று உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். வயதைக் கணக்கிட, 'இதற்கு முன் பயன்படுத்தவும்' தேதியை மட்டும் வைத்துக் குழம்ப வேண்டாம். இந்த வகைக்குப் பல ஆலைகள் சில ஆண்டுகள் தள்ளித்தான் அந்தத் தேதியைப் போடுகின்றன. ஆலை தரும் கால அளவைக் கழித்தால் பாட்டிலில் அடைத்த ஆண்டு வந்துவிடும். ஷிமே நீலத்தில் ஆண்டையே லேபிளில் அச்சிடுகிறார்கள்.

இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே பாட்டிலைக் குளிர்ந்த இடத்தில் நேராக நிறுத்தி வையுங்கள். படுத்துக் கிடந்த பாட்டில் என்றால் ஒரு வாரம். அடியில் இருக்கும் ஈஸ்ட் வண்டல் இறுகிப் படிய அந்த நேரம் வேண்டும். குளிர் அதற்கு உதவும். குடிக்கும் வெப்பநிலை வேறு: 12 முதல் 14 டிகிரி செல்சியஸ். பிரிட்ஜில் 4 டிகிரியில் இருந்தது என்றால் முக்கால் மணி நேரம் வெளியே வைத்தால் ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். 6 டிகிரியில் இதைச் சுவைத்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்தக் குளிரில் மணப்பொருட்கள் ஆவியாகி மூக்குக்கு வருவதே இல்லை. நேர்மாறாக 20 டிகிரிக்கு மேல் போனால் ஆல்கஹால் மட்டும் முன்னால் வந்து நிற்கும்.

கிளாஸ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ட்ராப்பிஸ்ட் துறவிகளின் மடாலயச் சின்னம் பொறித்த அகன்ற வாய்க் கோப்பை மேசையில் பார்க்க அழகு. மதிப்பிடுவதற்கு அது உதவாது, மணம் அகன்ற வாய் வழியாகப் போய்விடும். வாய் குறுகிய ட்யூலிப் கிளாஸ் அல்லது சாதாரண ஒயின் கிளாஸ் போதும். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையைக் கொன்றுவிடும், அதனால் நன்றாக அலசிய பிறகு குளிர்ந்த நீரில் இன்னொரு முறை நனைத்து உதறிவிடுங்கள். பழைய பாட்டிலில் நுரை ஏற்கெனவே பலவீனம். அழுக்குக் கிளாஸில் ஊற்றிவிட்டுப் பீரின் மேல் பழி போடக் கூடாது.

இப்போது ஊற்றுவது. பக்கத்தில் ஒரு காலி ஜாடி வைத்துக்கொள்ளுங்கள். மூடியை ஒரேயடியாகப் பிடுங்காமல் லேசாக நெம்பி, "உஸ்" சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சத்தமே இல்லை என்றால் வாயு போய்விட்டது என்று பாதி தெரிந்துவிடும். பொங்கி எழுந்தால் உடனே ஜாடியில் சாய்த்துவிடலாம். கிளாஸை 45 டிகிரி சாய்த்து, பாட்டிலை மெல்லச் சாய்த்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று பேருக்கு என்றால் கிளாஸ்களை ஒட்டி வைத்து, பாட்டிலை நிமிர்த்தாமலே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகருங்கள். ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் உள்ளே அலை அடித்து வண்டல் கலங்கும். கடைசிக் கிளாஸ்காரர் குடிப்பது வேறு பீர் ஆகிவிடும். கழுத்துக்குக் கலங்கல் வந்து சேரும்போது நிறுத்திவிடுங்கள். 330 மில்லி பாட்டிலில் 15 முதல் 20 மில்லி மிஞ்சும், அதை விட்டுவிடலாம். இளம் பாட்டிலில் அந்த வண்டலைக் குலுக்கிச் சேர்த்துக் குடிப்பவர்கள் உண்டு. பழைய பாட்டிலில் அது வேண்டாம், காரணம் கீழே வருகிறது. கிளாஸில் மெல்லிய துகள்கள் மிதந்தால் பயப்பட ஒன்றுமில்லை: நாள்பட்டுத் திரண்ட புரதம்தான், பார்வைக்கு மட்டும் குறை.

ஊற்றியவுடன் குடிக்காதீர்கள். முதலில் மணம். கிளாஸின் வாயை உள்ளங்கையால் அரை நிமிடம் மூடி, லேசாகச் சுழற்றி, கையை எடுத்ததும் இரண்டு மூன்று குட்டி மூச்சாக முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும்; ஆல்கஹால் அதிகம் உள்ள பீரில் இன்னும் சீக்கிரம். முதல் முகர்வில் தோன்றியதை உடனே எழுதிவிடுங்கள். அடுத்தவர் "பேரீச்சை" என்று சொன்ன பிறகு மூக்கு பேரீச்சையைத் தவிர வேறெதையும் கண்டுபிடிக்காது.

வாயில் எடுப்பது ஒரு மடக்கு, 15 மில்லி அளவு. ஐந்து விநாடி நாக்கில் உருட்டி விழுங்குங்கள். ஒயின் சுவைப்பவர்கள் போலத் துப்ப வேண்டாம், விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விடும்போதுதான் பாதிச் சுவை வருகிறது. பிறகு முடிவை, அதாவது விழுங்கிய பின் வாயில் நிற்கும் சுவையை, கவனியுங்கள். இந்த வகையில் நான் அதிக மதிப்பெண் கொடுப்பது அங்கேதான். காண்டி சர்க்கரை பெரும்பாலும் நொதித்துவிடுவதால், மணம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் முடிவு உலர்ந்ததாக, அதாவது இனிப்பு ஒட்டாமல், இருக்க வேண்டும். தொண்டையில் இனிப்பு ஒட்டிக்கொண்டு அடுத்த மடக்கு வேண்டாம் என்று தோன்றினால், வாயு குறைந்து பீர் தட்டையாகிவிட்டது. வாயு என்பது வெறும் குமிழி இல்லை. அந்தக் கார்பன் டை ஆக்சைடின் சுருக்கென்ற குத்தல்தான் இவ்வளவு கனமான பீரை நாக்கிலிருந்து வழித்து எடுக்கிறது. மூன்று மடக்குக்குப் பிறகு கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்பவும் முகருங்கள். 12 டிகிரியில் மறைந்திருந்தது 16 டிகிரியில் வெளியே வரும். நல்லதும் வரும், பழுதும் வரும்.

பழுதுகளில் அதிகம் வருவது காகித வாசனை, நனைந்த அட்டைப்பெட்டி போல. ட்ரான்ஸ்-2-நோனனால் என்ற ஆல்டிஹைட் அது, ஒரு லிட்டரில் 0.1 மைக்ரோகிராம் அளவிலேயே மூக்கு பிடித்துவிடும். இதுவும் ஷெர்ரி வாசனையும் ஆக்சிஜனேற்றத்தோடு தொடர்புள்ளவைதான், ஆனாலும் ஒன்று குறை, மற்றது நிறை. ஷெர்ரி வாசனையோடு பழமும் இனிப்பும் சேர்ந்து வரும்; காகித வாசனை தனியாக, வறட்டுத்தனமாக, விழுங்கிய பிறகு நாக்கில் தூசி படிந்தது போல நிற்கும். கார்க் போட்ட பாட்டிலில் பூஞ்சை பிடித்த நிலவறை வாசனை வந்தால் அது வயது அல்ல, கார்க்கின் கெடுதல். பக்கத்துப் பாட்டில் நன்றாக இருக்கலாம்.

அடுத்தது சோயா சாஸ், இறைச்சிச் சாறு, மோசமானால் கருகிய ரப்பர். ஈஸ்ட் செல்கள் செத்து, தம்மைத் தாமே கரைத்து, உள்ளிருந்ததைப் பீரில் விட்டதன் விளைவு. பழைய வண்டலைக் குலுக்க வேண்டாம் என்றது இதனால்தான். லேசாக இருந்தால் சிலருக்கு ஆழமாகத் தோன்றும், எனக்கு ஒரு துளிக்கு மேல் பிடிக்காது. வெப்பமான இடத்தில் வைத்தால் இது முந்திக்கொண்டு வரும். பொதுவாக 10 டிகிரி கூடினால் மூப்படையும் வினைகளின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். அதனால் 12 டிகிரி நிலவறையில் ஆறு வருடமும் 28 டிகிரி அலமாரியில் ஆறு வருடமும் ஒரே வயது இல்லை. "எத்தனை வருடம்" என்பதற்கு முன் "எங்கே இருந்தது" என்று கேளுங்கள்.

வினிகர் புளிப்பு வந்தால் கிருமி புகுந்திருக்கிறது, காற்றும் புகுந்திருக்கிறது. இதற்கு மன்னிப்பு இல்லை. ஆனால் முதலில் லேபிளைப் படியுங்கள்: கிழக்கு ஃப்ளாண்டர்ஸின் பழுப்பு ஏல்கள், உதாரணத்துக்கு லீஃப்மன்ஸ் கௌடன்பாண்ட், புளிப்பாகவே இருக்க வேண்டியவை. அதே மாதிரி வறுத்த காபிக் கசப்பு தெரிந்தால் அது வயதால் வந்ததல்ல. பெல்ஜிய வகையின் கருமை பெரும்பாலும் பாகிலிருந்து வருவது, வறுத்த மால்ட்டிலிருந்து அல்ல. நீங்கள் குடிப்பது வேறு வகையாக இருக்கும்.

இத்தனையும் படித்துவிட்டு ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: அதே பீரின் புதிய பாட்டில் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். ஒரே கிளாஸ் வகை, ஒரே வெப்பநிலை, ஒவ்வொன்றிலும் 80 மில்லி. புதியதை முதலில் சுவைத்துவிட்டுப் பழையதற்கு வாருங்கள். வயது என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். தனியாகக் குடித்தால் பழசு என்ற மரியாதையே பாதிச் சுவையாகிவிடும். அந்த மரியாதையைக் கழிக்க, யாரையாவது ஊற்றச் சொல்லி மூன்று கிளாஸ் வையுங்கள்: இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் மற்றது. தனியாக இருப்பது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அந்தக் காத்திருப்பு அந்தப் பாட்டிலுக்கு எதையும் சேர்க்கவில்லை.

அளவு பற்றி: 11.3 சதவீதமுள்ள 330 மில்லி பாட்டிலில் சுமார் 29 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீதப் பீரில் அதே அளவுக்கு 13 கிராம்தான். மூப்படைந்த பாட்டில் வழவழப்பாக இறங்குவதால் இது தெரியாது. மூன்று பேர் பகிர்ந்துகொள்வது சரியான அளவு, வண்டி ஓட்டப்போகிறவருக்கு முகர்வதோடு சரி. இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்; காரம், பூண்டு, காபி எல்லாம் முடிந்த பிறகு.

ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டில்கள் இருந்தால் வருடத்துக்கு ஒன்று திறந்து, தேதி, வெப்பநிலை, வாயு, மணம், முடிவு என ஐந்து வரி எழுதி வையுங்கள். போன வருடக் குறிப்பை விட வாயு தெளிவாகக் குறைந்திருந்தாலோ, காகித வாசனை முதன்முதலாகத் தலைகாட்டினாலோ, மிச்சத்தை அந்த வருடத்துக்குள்ளேயே குடித்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு அது ஏறப்போவதில்லை.