தண்ணீர் விட்டவருக்கு ஒரு கீற்று கிடையாதா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்துக் குழியில் தர்பூசணி போட்டோம். முப்பது பழத்துக்கு மேல் காய்த்துக் கிடக்கிறது. இரண்டு வெடித்துவிட்டன. அறுத்த நாலில் மூன்று சப்பென்று இருக்கின்றன. உரம் போதவில்லையா? இத்தனை பழத்தை என்ன செய்வது? தண்ணீர் விடுவதை மாமனார் பார்த்துக்கொள்கிறார். சர்க்கரை இருப்பதால் அவருக்குப் பழம் தருவதில்லை.
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: தண்ணீர் விடுவது மாமனார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு உரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். தப்பு நடந்ததே அங்கேதான். பழம் பருத்து முடிந்ததும், பறிப்பதற்கு முந்தைய ஒரு வாரம் தண்ணீரைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் இனிப்பு ஏறாது. மண்ணைக் காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினாலோ, தோல் தாங்காமல் பழம் வெடிக்கும். உச்சி வெயிலில் இலை துவண்டால் பதற வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலையிலேயே வாடியிருந்தால்தான் தண்ணீர்.

இதையெல்லாம் அவரிடம் யாராவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது. கொடி வாடுகிறதே என்று அவர் பாட்டுக்கு ஊற்றியிருப்பார். குடம் தூக்க அவர், பறிக்கவும் பங்கு போடவும் நீங்களா? வீட்டுப் பெரியவரை வேலையாள் மாதிரி நடத்துவதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இனி எந்தப் பழத்தைப் பறிப்பது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். பூ பிடித்து 30-35 நாள் ஆகியிருக்க வேண்டும். பழக்காம்பு கொடியோடு சேரும் கணுவில் ஒரு சுருள் இருக்கும். அது பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். மண்ணில் படிந்த அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் தொடாதீர்கள், வெண்ணெய் மஞ்சளுக்கு வரட்டும். தட்டினால் 'டங்' என்பது காய், 'தொப்' என்பது பழம். சத்தத்தை மட்டும் நம்பிப் பறிக்காதீர்கள், சுருளும் அடியும் சேர்ந்து சொல்ல வேண்டும். வாழைத்தார் மாதிரி மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கிற சமாசாரம் இல்லை இது. பறித்தபின் இனிப்பு ஏறவே ஏறாது. இழுத்துப் பிய்க்காமல், 2 அங்குலக் காம்பு விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். ஒரு தடவைக்கு நாலைந்து போதும்.

முழுப் பழத்தை ஃப்ரிட்ஜில் நாள் கணக்கில் திணித்து வைத்தால் நிறமும் ருசியும் போகும். நிழலில், சாக்கின் மேல் ஒற்றை வரிசையாக வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அறுத்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சப்பென்ற பழத்தை எலுமிச்சை, இஞ்சி, துளி உப்போடு ஜூஸாக்குங்கள். பச்சைத் தோலைச் சீவிவிட்டு வெள்ளைச் சதையில் மோர்க்குழம்பு வையுங்கள்: 2 கப் துண்டுகளை உப்பு, மஞ்சளோடு வேகவிட்டு, ஊறவைத்த துவரம்பருப்பு 1 ஸ்பூன், தேங்காய் 3 ஸ்பூன், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பிறகு கடைந்த புளித்த தயிர் 2 கப் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும்.

மாமனாருக்கு எவ்வளவு பழம் ஆகும் என்று அவருடைய டாக்டரைக் கேட்டீர்களா, நீங்களாகவே தடை போட்டீர்களா? கேளுங்கள். ஜூஸ் வேண்டாம், டாக்டர் சொல்லும் அளவுக்குக் கீற்றாக, முதல் தட்டு அவருக்கு. ஹைபிரிட் ரகமென்றால் இந்த விதையை எடுத்து வைக்காதீர்கள், அடுத்த முறை தாய்ப்பழம் மாதிரி வராது. தை மாதம் புது விதை வாங்கப் போகும்போது அவரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். ரகத்தை அவர் சொல்லட்டும்.